மருந்தின் நிறம்

அப்பா: ஆறு மணி நேரம், டாக்டர். பிள்ளை இன்னைக்குக் காலையிலதான் அழ ஆரம்பிச்சான்.

டாக்டர்: நான் அம்மாவைக் கேட்டேன்.

அப்பா: அவ எங்க பேசுவா... வீட்டுல என் காது கிழியும். வெளிய வந்தா வாயே திறக்க மாட்டா.

அம்மா: சும்மா இருங்க.

டாக்டர்: வலி விட்டு விட்டு வருதா?

அம்மா: ஆமா. காலை மடக்கிட்டு வீல்னு கத்துவான். அப்புறம் அப்படியே துவண்டுடுவான்.

டாக்டர்: மலத்துல ரத்தம்?

அம்மா: ...இல்ல.

டாக்டர்: மருந்து ஏதாவது குடுத்தீங்களா?

அப்பா: ஒண்ணும் இல்ல.

டாக்டர்: பிள்ளையோட சட்டைக் கழுத்துல ரோஸ் கலர்ல ஏதோ ஒட்டியிருக்கே.

அப்பா: அது...

அம்மா: ஆன்டிபயாடிக். சளிக்கு.

டாக்டர்: யார் எழுதினது?

அப்பா: யாரும் எழுதல. இவ மருந்துக் கடையில வேலை பார்க்கறா. ஊருக்கே எடுத்துக் குடுக்கறவ, சொந்தப் பிள்ளைக்குக் குடுக்க மாட்டாளா? முதலாளி காதுக்குப் போனா வேலை போயிடும். அதான் மறைச்சேன்.

டாக்டர்: ஏழு மாசப் பிள்ளைக்கு...

அப்பா: மருந்தாலதான் இப்படி ஆச்சா?

டாக்டர்: உறுதியா சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் குடிச்ச சின்னப் பிள்ளைங்களுக்கு இந்தக் குடல் சிக்கல் கொஞ்சம் கூடுதலா வரலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. அந்தச் சளியே கூட காரணமா இருக்கலாம். அதை அப்புறம் பார்ப்போம். வந்ததும் எடுத்த ஸ்கேன்ல குடல் குடலுக்குள்ளயே சொருகியிருக்கு. ஆசனவாய் வழியா காத்து விட்டுத் தள்ளணும்.

அப்பா: கத்தி வேண்டாமா?

டாக்டர்: ஆறு மணி நேரம்னா பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஒரு நாளைத் தாண்டிட்டா, மாட்டின குடல் அழுகியிருக்கலாம். காத்து விட்டா கிழிஞ்சிடும்னு பயம்.

அப்பா: அதெல்லாம் இல்ல. ஆறுதான். கையெழுத்து எங்க போடணும்?

டாக்டர்: இங்க. நர்ஸ், பிள்ளையை உள்ள...

அம்மா: டாக்டர்...

அப்பா: பயப்படாதடி. வெறும் காத்துதானே.

அம்மா: இருங்க டாக்டர். காத்து விடாதீங்க.

டாக்டர்: ஏம்மா?

அப்பா: என்னடி? சொல்லித் தொலை!

அம்மா: நேத்து காலையிலயே கத்தினான். நீங்க கிளம்பிப் போயிட்டீங்க. டயப்பர் பூரா சிவப்பா, ஜெல்லி மாதிரி... மருந்தோட கலர்னு நினைச்சேன். சுருட்டிப் போட்டுட்டு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட அவனைக் குடுத்துட்டு, கடைக்குப் போயிட்டேன்.