ரெங்கத்தில் நான் நடத்திய வெள்ளிக்கிழமை வகுப்பு

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

நானாகவே ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். காவலில் இருக்கும் மூன்று பேருக்கும் மனு எழுதிக் கொடுக்க நேற்று வந்தபோது உங்கள் அறிக்கையின் நகல் என் கண்ணில் பட்டது. ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில், இந்தக் காரியம் முழுவதும் சலவைக்கடை காளியப்பனின் யோசனை என்று எழுதியிருக்கிறீர்கள். காளியப்பன் நல்ல மனிதர். துணியில் போடும் குறிகளைத் தவிர வேறு எழுத்து அவருக்குத் தெரியாது. இப்படி ஒரு யோசனை அவர் தலையில் உதித்திருக்கும் என்று நம்புவது, ஐயா, யாருக்குமே நியாயமில்லை.

என் பெயர் கதிரேசு. யாழ்ப்பாணத்துக்காரன். ஒன்பது வருடம் ஜொகூர் பாருவில் அரசாங்கக் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். பிறகு நானே விலகி ரெங்கத்துக்கு வந்தேன். இங்கே பதினொரு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். லைசென்ஸ் தாள்களை நிரப்பிக் கொடுக்கிறேன். கடைக்காரர்களுக்கு ஆங்கிலமும், மலாய் எழுதும் ஜாவி எழுத்தும் தெரியாது; எனக்கு இரண்டும் தெரியும். சின்ன ஊரில் ஒரு மனிதனுக்கு மரியாதை கிடைக்க அது போதும்.

போன வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில், ஒருவன் வந்தான். காக்கி உடுப்பு, பித்தளை வில்லை, தோல்பை. சிங்கப்பூரில் போர் வரி போட்டிருக்கிறார்கள் அல்லவா, அது ஜொகூருக்கும் வந்துவிட்டது என்று சொல்லிக் கடை கடையாக வசூலித்தான். மூன்று கடைகள் கொடுத்துவிட்டன. நான்காவது, சதாசிவத்தின் மளிகைக்கடை. அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் ரசீதை வாங்கிப் பார்த்தேன். அதில் இங்கிலாந்து ராஜாவின் கிரீடம் அச்சிட்டிருந்தது.

“ஜொகூரிலே வரி வாங்குறது சுல்தான் அரசாங்கம். பிறையும் நட்சத்திரமும் எங்கே?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான். அவன் தோல்பையைப் போட்டுவிட்டு ரயில் பாதை ஓரமாகவே ஓடினான். மூன்று கடைக்காரர்களுக்கும் கொடுத்தது பையிலிருந்தே திரும்பக் கிடைத்தது. அன்று மாலை எனக்கு மாலை போட்டார்கள். சாப்பாட்டுக்கடை புஷ்பவள்ளி, கணவரை இழந்து தனியாளாகக் கடை நடத்துகிறவர், யாருக்கும் இலவசமாக ஒரு மிளகாய்கூடத் தராதவர், எனக்குக் கோழிக்குழம்பு ஊற்றினார். “கிராணியாரே, நீங்க இல்லேன்னா எங்கள மொட்டையடிச்சிருப்பானுங்க” என்றார். ஐயா, ஒன்பது வருட அரசாங்க வேலையில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் சதாசிவத்தின் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பொய் வரிக்காரனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் மனப்பாடம் செய்யும்படி பாடங்களுக்கு எண் போட்டேன். இனிக்க இனிக்கப் பேசுவான் என்பது முதல் பாடம். தாள்களைத் தானாகவே எடுத்துக் காட்டுவான் என்பது இரண்டாவது. சில நாள் நானே தொப்பி வைத்துக்கொண்டு மோசக்காரனாக நடிப்பேன். அவர்கள் என்னைப் பிடித்து, சதாசிவத்தின் புகை அறையில் அடைத்துக் கதவைச் சாத்துவார்கள். அவர் தோட்டங்களிலிருந்து ரப்பர் தகடு வாங்கிப் புகையில் காயவைத்து விற்கிறவர். அதற்கான சின்ன மர அறை அது. கீழே குழியில் கட்டை எரியும், மேலே மூங்கில் கழிகளில் தகடுகள் தொங்கும். நான் நடிக்கும் நாட்களில் நெருப்பு இருக்காது. உள்ளே போனதும் நான் கெஞ்சுவேன், மிரட்டுவேன், அழுவேன். வெளியே அவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மிக நல்ல பிற்பகல்கள் அவை.

மாணவர்கள் கெட்டிக்காரர்கள். கொஞ்சம் கூடுதலாகவே கெட்டிக்காரர்கள். பாலோவிலிருந்து தலைத்தைலம் விற்க வந்தவனைப் புஷ்பவள்ளி ஒரு மணி நேரம் விசாரித்தார். அவன் தைலத்தை விட்டுவிட்டே போய்விட்டான். செடெனாக்கிலிருந்து வந்த சொந்த மைத்துனரிடம் சதாசிவம் அத்தாட்சி கேட்டார். மைத்துனர் இன்றுவரை பேசுவதில்லை.

ஆனால் உண்மையான மோசக்காரன் எவனும் வரவில்லை, ஐயா. ஒரு மாதம், மூன்று மாதம், ஏழு மாதம். இருபது பேர் இருந்த வகுப்பு எட்டாயிற்று, பிறகு நான்காயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காளியப்பன் மட்டும் வந்தார், அதுவும் என் சட்டையைக் கொடுக்க. புஷ்பவள்ளி குழம்புக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தார்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். போர் வரிக்காரனைப் பிடித்த கதையை நல்ல ஆங்கிலத்தில் எழுதி ஜொகூர் பாருவுக்கு அனுப்பினேன். பாராட்டி ஒரு கடிதம் வரும், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று நினைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எனக்கல்ல. ‘ரெங்கம் கடைக்காரர்களுக்கு’ என்று முகவரியிட்டு.

சதாசிவம் அதை என்னிடம் கொண்டுவந்தார். வகுப்பைக் கூட்டச் சொன்னேன். ஒன்பது பேர் வந்தார்கள். எழுந்து நின்று வாசித்தேன். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை, ஐயா. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த புதன்கிழமை காலை ரயிலில் திரு. லூயிஸ் என்ற தமிழ் உத்தியோகத்தர் வருவார்; கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதும் முறையைத் தமிழிலேயே இலவசமாகச் சொல்லிக் கொடுப்பார்; பொய் வரி வசூலிப்பவர்களிடம் ஏமாறாமல் இருக்கும் வழிகளை விளக்குவார்; இனி மாதம் ஒருமுறை வருவார். என் பெயர் கடிதத்தில் எங்கும் இல்லை.

வாசித்து முடித்துத் தாளை அரிசி மூட்டை மேல் வைத்தேன். “இதிலே என்ன பிழை இருக்கு, சொல்லுங்கோ பார்ப்பம்” என்றேன். ஓர் ஆசிரியன் கேட்கும் சாதாரணக் கேள்வி.

“சும்மா சொல்லித்தரேன்னு எவனாச்சும் ரயிலேறி வருவானா?” என்றார் புஷ்பவள்ளி.

“தாளு ரொம்ப வெள்ளையா இருக்கு” என்றார் சதாசிவம்.

காளியப்பன் தாளை முகர்ந்து பார்த்தார். “சவுக்காரம் வாசம் அடிக்குதுங்க.”

“பிறை நட்சத்திரம் இருக்கே?” என்றேன் நான். அதையும் சொன்னேன், ஐயா. மறைக்கவில்லை.

“அதான் கிராணியாரே!” என்று துள்ளினார் சதாசிவம். “போன தடவ கிரீடத்தப் போட்டு மாட்டிக்கிட்டானுங்க. இந்தத் தடவ கத்துக்கிட்டானுங்க!”

அவர்கள் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன். மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. மாணவர்கள் தாமே சிந்திக்கும்போது ஆசிரியன் குறுக்கே போகக் கூடாது. அந்தப் பிற்பகல்தான் இரண்டு புதிய பாடங்கள் சேர்த்தேன். அதுவரை நான்குதான் இருந்தன. உங்களில் ஒருவரைத் தெரிந்தவர்போல் பெயர் சொல்லி அழைப்பான் என்பது ஐந்தாவது. நோயாளிபோல் நடிப்பான், முக்கியமாக இருமுவான் என்பது ஆறாவது.

புதன்கிழமை ரயிலிலிருந்து லூயிஸ் இறங்கினார். பருத்த உடம்பு, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. சதாசிவம், புஷ்பவள்ளி, காளியப்பன் மூன்று பேரும் அவரைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். அவர் தாள்களைத் தானாகவே எடுத்துக் காட்டினார். இனிமையாகப் பேசினார், அவர் சுபாவமே அப்படி. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. “நான் கவர்ன்மெண்ட் ஆளுங்க. என்னங்க இது, கைய விடுங்க” என்றார். அப்போதுதான் வாசலில் நின்ற என்னைக் கண்டார்.

“கதிரேசு! நல்லவேள, நீங்க இருக்கீங்க. நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லுங்க!”

ஆமாம், ஐயா, எனக்கு அவரைத் தெரியும். ஜொகூர் பாருவில் கிராணிமார் விடுதியில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் விலகிய வருடம் என் மேசைக்கு மேலதிகாரியாக அவரைத்தான் போட்டார்கள். எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் கிடையாது. அவருக்குத் தொய்வு நோய், மூச்சிரைப்பு. நான் சாம்பிராணி போட்டால்கூட ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்காக நான் சாம்பிராணி போடுவதையே விட்டிருந்தேன், அவ்வளவு தோழமை.

நான் அவரிடமிருந்து திரும்பினேன். மாணவர்களைப் பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருமா என்று காத்திருக்கும் ஆசிரியனின் பார்வை.

“அஞ்சாவது பாடம்!” என்றார் புஷ்பவள்ளி.

லூயிஸ் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சரியாக விவரிக்க முடியவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. தான் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று யோசிப்பவர்போல் இருந்தார்.

அவரைப் புகை அறையில் அடைத்தார்கள். அன்று உள்ளே தகடுகள் தொங்கின. குழியில் காலை நெருப்பு தணிந்து கிடந்தது. மத்தியானம் புதுக் கட்டை போடுவது வழக்கம். நான் யாரிடமும் கட்டை போடச் சொல்லவில்லை. போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போலீசுக்குக் குளுவாங் போக வேண்டும். ஆங்கிலம், மலாய் இரண்டும் தெரிந்தவன் நான்தான் என்பதால் நானே போகிறேன் என்றேன். “கதவைத் திறக்காதேங்கோ. என்ன சத்தம் கேட்டாலும்” என்றேன். ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வதுதான்.

பதினொன்றரை மணி ரயிலில் கூட்டமாக இருந்தது. அடுத்ததில் போனேன். குளுவாங்கில் இறங்கியபோது பசித்தது, சாப்பிட்டேன். மழை வந்தது, கடையிலேயே இருந்தேன். காவலரை அழைத்துக்கொண்டு ரெங்கம் திரும்பும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது.

காளியப்பன் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். “வெறகு ரெண்டு தடவ போட்டேங்க. தகடு பூசணம் பூத்துப்போவும்னு சதாசிவம் சொன்னாரு. ஆளு ரொம்ப இருமுனாருங்க. ஆறாவது பாடம்னு நாங்க தெறக்கல. இப்ப ஒரு மணி நேரமா நடிக்கறத நிறுத்திட்டாரு.” சரியாக ஒப்பித்த மாணவனின் பெருமை அவர் முகத்தில் இருந்தது. கதவைத் திறந்தவன் நான்தான். லூயிஸ் கதவின் அடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்தபடி கிடந்தார்.

வந்தது மலாய்க் காவலர், ஆங்கிலம் தெரியாது. லூயிஸின் தாள்களை நான்தான் அவருக்கு மொழிபெயர்த்தேன். எல்லாம் போலி என்றேன். மொழிபெயர்ப்பில் நான் செய்த பிழை என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம். வெயில் நாடு, ஐயா, பிரேதத்தை வைத்திருக்க முடியாது. மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்தோம். பாதிரியாரைக் கூப்பிடவில்லை, யாரென்று தெரியாத மோசக்காரனுக்குப் பாதிரியார் எதற்கு? பலகையில் ‘பெயர் தெரியாதவர்’ என்று தமிழ், ஆங்கிலம், ஜாவி என மூன்று எழுத்திலும் எழுதி நட்டேன். கையெழுத்து நன்றாக அமைந்திருந்தது. அவர் வீடு திரும்பவில்லையென்று அவருடைய மனைவி டொரத்தி விசாரித்ததன் பேரில், ஜொகூர் பாருவிலிருந்து நீங்கள் வந்தது சனிக்கிழமை. அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். மூவரையும் பிடித்தீர்கள். என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டீர்கள்.

ஆகவே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவர் யாரென்று எனக்குத் தெரியும். புகை அவரை என்ன செய்யும் என்று தெரியும். மத்தியானம் கட்டை போடுவார்கள் என்று தெரியும். ஆறாவது பாடத்தை அவருக்காகவே எழுதினேன். அந்த மூவரும் படித்ததைச் செய்தார்கள், செய்தது நான்.

ஏன் என்றுதானே மறுபடியும் கேட்கிறீர்கள்? லூயிஸ்மேல் கோபமா, பொறாமையா என்று. இல்லை. கடைக்காரர்களின் பாதுகாப்பு மட்டுமே என் எண்ணம். அடக்கம் வியாழக்கிழமை, நீங்கள் வந்தது சனிக்கிழமை. இடையில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. நீங்களே வந்து பார்த்திருக்க வேண்டும், ஐயா. வகுப்புக்கு இருபத்தேழு பேர். மூட்டைகளில் இடமில்லாமல் பலர் நின்றுகொண்டே கேட்டார்கள்.