கதவுக்கு வெளியே நின்ற வழக்கு

அவைக்குத் தலைமை ஏற்று, ரோஜா மாலையின் பாரத்தையும் புன்னகையோடு தாங்கிக்கொண்டிருக்கும் எங்கள் மன்றத் தலைவர், மதிப்பிற்குரிய டென்சில் அவர்களே. பன்னிரண்டாம் வகுப்பான பியூசி தேர்வில் வென்று, கையில் கேடயமும் கண்ணில் கனவுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் தம்பி தங்கைகளே. அவர்களைப் பெற்ற பெருமையில் பின்வரிசையில் பூரித்திருக்கும் பெற்றோர்களே. தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பாடப்புத்தகத்தில் ஆங்கிலமுமாக என்னோடு வளர்ந்த பெங்களூரு ஆஸ்டின் டவுன் உறவுகளே. நாற்காலிகள் காலியாக இருந்தும், உட்காராமல் வாசலோரம் நின்று கேட்கும் தாய்மார்களே, உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

என் பெயர் லவினா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். மேடைப் படி ஏறுவதும் இதுதான் முதல் முறை. ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த மேசை விரிப்பு தரைவரை தொங்குவதால் அது உங்களுக்குத் தெரியாது. விரிப்பு போட்டவர் வாழ்க.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "சட்டம் படிக்கலாமா?" கொடுத்தவர் தலைவர். கொடுக்கும்போது மேடைக்குப் பின்னால் என்னை அழைத்து ஒரு வார்த்தையும் சொன்னார். தலைவர் ஐயா, சொல்லட்டுமா? சிரிக்கிறார். அனுமதி என்று எடுத்துக்கொள்கிறேன்.

"லவினா, உன் பேச்ச எங்க பொண்ணு ஸ்னேஹா கேப்பா. லா வேணாம், பி.காம் போதும்னு நீ ஒரு வார்த்த சொல்லிடும்மா. கறுப்பு கோட்டு போட்டுக்கிட்டு கோர்ட்டு வராண்டால யார் யார் கூடவோ நிக்கணும். நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"அங்கிள், நானும் அந்தக் கோட்டுதான போட்டுட்டு வந்திருக்கேன்?"

"அதான்மா சொல்றேன். நீ சொன்னா நம்புவா."

சிரிக்காதீர்கள். தலைவர் சொன்னதில் பொய் இல்லை. சட்டம் படித்தால் சொகுசு வருமா? வராது. சட்டென்று பெயர் வருமா? வராது. முதலில் என்ன வரும்? சீனியருடைய பை வரும். அதைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்க வேண்டும். வாதாடக் கனவு கண்டவள் வாய்தா வாங்கப் பழக வேண்டும். காலையெல்லாம் காத்திருந்து, நம் வழக்கு வரும்போது நீதிபதி எழுந்து போவதைப் பார்க்க வேண்டும். முன்வரிசையில் இருக்கும் ஸ்னேஹா, இதெல்லாம் உண்மை. உன் அப்பா உன்னைப் பயமுறுத்தவில்லை, பாதுகாக்கிறார்.

அப்படியிருந்தும் ஆண்டுதோறும் பிள்ளைகள் ஏன் வந்து சேர்கிறார்கள்? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். மல்லேஸ்வரத்து ராம்கி சொன்னான்: "எங்க வீட்டு கேட்ல வக்கீல் போர்டு மூணு தலைமுறையா தொங்குது. பலகை ரெடி, ஆணி ரெடி. பேர மட்டும் மாத்தணும்." நிருபமா சொன்னாள்: "நான் கோர்ட் பக்கமே வர மாட்டேன்பா. ஏசி ரூம்ல கம்பெனி அக்ரிமென்ட் பாத்துட்டு நிம்மதியா இருப்பேன்." டாக்டர் சீட் கிடைக்காமல் வந்தவர்கள் உண்டு. தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்து, நாமும் இப்படிக் கத்தலாமே என்று வந்தவர்கள் உண்டு. யாரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் படிப்பு படிப்புதான்.

"உனக்கு என்னடி காரணம்?" என்று நிருபமா திருப்பிக் கேட்டாள். அன்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். எனக்குக் கூச்சம். இன்று சொல்கிறேன். அவளுக்குச் சொல்லாததை ஒரு மண்டபத்துக்கே சொல்கிறேன்; கூச்சத்தின் கணக்கே தனி.

என் அம்மா பிரிஜெட் பொம்மசந்திராவில் ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்தவர். இங்கே இருக்கும் பல அம்மாக்களுக்கு அந்த வேலை தெரியும். மேலாளர் அறையின் வழக்கமும் தெரியும். என்ன வழக்கம்? உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் உள்ளே போய்விடக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியே, தலை குனிந்து நிற்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து கையசைத்தால்தான் உள்ளே போகலாம். ஆமாம் என்று தலையாட்டுகிறீர்கள். உங்கள் ஆலையிலும் அப்படித்தானா?

ஒரு கோடைக்காலத்தில் பக்கத்து மிஷினில் இருந்த தனக்கோடி அக்கா மயங்கி விழுந்தார். சூப்பர்வைசரைக் காணவில்லை. அம்மா ஓடினார். செருப்பைக் கழற்றவில்லை, கையசைப்புக்குக் காத்திருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "சார், வண்டி ஏற்பாடு பண்ணுங்க" என்றார். வண்டி வந்தது. தனக்கோடி அக்கா பிழைத்தார். அந்த வாரமே அம்மாவின் வேலை போயிற்று. காரணம், ஒழுங்கீனம்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். பல மாதம் கழித்து, அம்மா நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. நான் அன்று பள்ளியில் இருந்தேன். அம்மா ஞாயிறு பூசைக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, புடவையை மாற்றாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்பாதான் கேட்டார்.

"என்ன ஆச்சு பிரிஜெட்?"

"கேஸ தள்ளிட்டாங்களாம். நான் வரலன்னு."

"நீதான் போனியே?"

"போனேன். பேரு கூப்பிட்டாங்க. நல்லா சத்தமாதான் கூப்பிட்டாங்க. வக்கீல் சார் வந்து கைய காட்டுவாருன்னு வாசல்லயே நின்னேன். அவரு வேற ஹால்ல இருந்தாராம்."

"கூப்பிட்டா உள்ள போக வேண்டியதுதான?"

"ஒரு வாட்டி நானா உள்ள போய் பட்டது பத்தாதா?"

அன்பர்களே, சற்று நினைத்துப் பாருங்கள். கூப்பிடாமல் உள்ளே போனதற்கு வேலை போயிற்று. கூப்பிட்டும் உள்ளே போகாததற்கு வழக்கு போயிற்று. நீதிமன்றம் அவரைத் தேடியது. அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். மரியாதையாக நின்றிருந்தார். அந்த மரியாதையைத்தான் வராமை என்று எழுதினார்கள். யாரைக் குற்றம் சொல்வது? பெயரைக் கூப்பிட்டவர் தம் கடமையைச் செய்தார். நீதிபதி முன்னால் இருந்தது காலி இடம். அம்மாவின் வக்கீல், "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுபோச்சு" என்றார். நாங்களும் முடிந்துவிட்டது என்றே நம்பினோம்.

பிறகு நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். ஒருநாள் வகுப்பில் பேராசிரியர் சொன்னார்: ஆள் வராததால் தள்ளுபடியான வழக்கை, தக்க காரணம் காட்டி, உரிய காலத்துக்குள் மீண்டும் நடத்தச் சொல்லிக் கேட்கலாம். சுற்றியிருந்தவர்கள் அந்த வரிக்கு அடியில் மஞ்சள் கோடு போட்டார்கள். நான் சன்னலைப் பார்த்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அம்மாவின் வழக்குக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்திருந்தது. ஒரே ஒரு வரி. அதை ஒரே ஒருவர் அன்று எங்கள் வீட்டில் வந்து சொல்லியிருந்தால்?

அந்த ஒருவருக்காகத்தான் ஏங்குகிறேன். கார் வேண்டும் என்ற ஏக்கம் இல்லை. கேட்டில் பலகை வேண்டும் என்ற ஏக்கம் இல்லை. கடந்துபோன அந்தக் காலையில், அந்த வராண்டாவில், நீலப் புடவைக்காரியின் தோளைத் தொட்டு, "உங்களத்தான் கூப்பிடுறாங்க, வாங்க" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம். எத்தனை பட்டம் வாங்கினாலும் அந்தக் காலைக்குள் நான் போய் நிற்க முடியாது. ஆனால் ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு கதவோரம் ஏதோ ஒரு பிரிஜெட் நிற்கிறார். இந்தக் காலைகளுக்குள் நான் போக முடியும். அதற்கு ஒரு படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்குப் பெயர்தான் சட்டம்.

இப்போது என் சீனியர் அலர்மேல்மங்கை மேடம். தினமும் அவரிடம் திட்டு வாங்குகிறேன். "ஃபைல எடுன்னா வாசல்ல என்னம்மா பண்ற? நீ வக்கீலா, வாட்ச்மேனா?" என்பார். ரெண்டும்தான் மேடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள்.

முதல் வரிசையில் ஓரத்து நாற்காலி காலியாக இருக்கிறது. என் அம்மாவுக்காக நான் கேட்டு வாங்கி வைத்தது. நான் பேசத் தொடங்கியதிலிருந்து அது காலியாகவே இருக்கிறது. ஏனென்றால் என் அம்மா, அதோ, மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார். எனக்குக் கூச்சம் வந்தது அவரிடமிருந்துதான்.

அம்மா, உள்ள வாம்மா. செருப்போடயே வா. இது என் மேடை. நான்தான் கூப்பிடுறேன்.

தலையை ஆட்டுகிறார். இங்கேயே இருக்கிறேன் என்று கை காட்டுகிறார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதாது. அதுதானே இவ்வளவு நேரம் நான் சொன்ன கதை? இறங்கி, வாசல்வரை நடந்துபோய்க் கூப்பிட வேண்டும். மன்னிக்க வேண்டும் தலைவர் ஐயா, ஒரு நிமிடம் நான் மேடையை விட்டு...

வேண்டாம். நான் இறங்கத் தேவையில்லை.

ஐயா, தயவுசெய்து கடிகாரத்தை விட்டுவிட்டு அங்கே பாருங்கள். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து போகிறாள். கேடயத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. என் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள். அம்மா வருகிறார். வெறுங்காலோடுதான் வருகிறார், பரவாயில்லை, வருகிறார்.

ஸ்னேஹாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள் ஐயா. என்னிடம் வார்த்தை இல்லை. நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அம்மா உட்கார்ந்துவிட்டார். கேட்ட செவிகளுக்கும், பொறுத்த தலைமைக்கும், வாசல்வரை நடந்த அந்தக் கால்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.