செம்புப் பானையில் கடல் தண்ணீர்

வத்தேகமவுக்குப் போகும் புகையிரதத்தில் எனக்கு எதிரே இருந்த மடவளைக் கடைக்காரர், பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் சொன்னார்:

“எங்க ஊட்டுக் கடல்ல ஒரு மீனும் மிஞ்சல்ல, தம்பி.”

“யா அல்லாஹ்! திருகோணமலையில இருந்து கொண்டாந்து கண்ணாடித் தொட்டியில வளத்த மீனா?”

“ஓ. அந்தத் தண்ணிய வடிகட்ட, மணலும் கரியும் போட்டு ஒரு மண்பானை கட்டியிருந்தேன். நான் கொழும்புக்குப் போன நேரம் அது வெடிச்சிருச்சு. பொஞ்சாதி பாவம், மீன் செத்துருமேன்னு அந்த மணலயும் கரியயும் தன்னோட கல்யாணச் செம்புப் பானையில மாத்தி, தண்ணிய அதுல வடிய விட்டுட்டா.”

“உப்புத் தண்ணியச் செம்புலயா! செம்புக் களிம்பு மீனுக்கு நஞ்சாச்சே!”

“வந்து பாத்தா தொட்டியில மீனெல்லாம் செத்து மிதக்குது. அவ பக்கத்துல நின்னு அழறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கண்டிக் குளிர் தாங்கல்லன்னு சொன்னேன்.”



“அப்ப, பானையாலதான்னு அவங்களுக்கு…”

“தெரிய வேணாம்.”