மூடிக்கு எந்தப் பசை

"அலோ... இரு, நீ இரு, நான் சொல்லி முடிச்சுடறேன்... நான் என்ன சொல்ல வர்றேன்னா... டேய், ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா யாருக்கு என்ன கேக்கும்? ... சரி. சரி. நீயே பேசு. ... முடிச்சிட்டியா? இப்ப நான் பேசறேன். திறந்தாச்சு. ... மூடியைத்தான், வேற எதை. ... உடையல. ... உடையலன்னு சொல்றேன்ல. ஏன், உடைஞ்சிருக்கும்னு நெனச்சியா?"

அக்காக்காரி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் அவளுடைய கம்ப்யூட்டரின் பிராசஸர் கிடந்தது. பிஸ்கட் அளவில் ஒரு பச்சைத் தகடு, அதன் நடுவில் நகம் அளவுக்கு ஒரு சிப்பு. அதை மூடியிருந்த உலோக மூடி பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. எதிரே அவள் வீட்டுக்காரர். கண்ணாடி பொருத்துவது அவர் தொழில். தம்பிக்காரன் நம்பரை அவள் அழுத்தியதிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. அவன் காதில் தன் குரல் விழுந்துவிடக் கூடாதாம்.

"ஆமா, பிளேடாலதான். ஜன்னல்ல பழைய பசையை அறுப்பாரே, அந்த பிளேடு. ... நாலு பக்கமும். ஒரு கீறல் கிடையாது. ... பரவாயில்லையா? இவ்வளவு செஞ்சதுக்குப் பரவாயில்லைதானா? ... இல்ல, அதை அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். சொல்றதுன்னா நீயே சொல்லிக்கோ. ... சரி, விடு."

விட்டாள். விட்டுவிட்டு உடனே பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு, இது போச்சுன்னா என் வேலை போச்சு. ... பெரிசு பண்ணல, உள்ளதைச் சொல்றேன். ... வேற கம்ப்யூட்டர் வாங்கி? வாங்கி வச்சு அழகு பாக்கவா? எம்பிராய்டரி சாஃப்ட்வேர் இந்த சிப்பு இருந்தாத்தான் திறக்கும். சிப்பை மாத்தினா நீ யாருன்னு கேக்கும். வித்தவனைக் கேக்கலாம்னா அவன் கடையைக் கட்டிட்டுப் போயே போயிட்டான். ... ஆமா, நீதான் சொன்னே, அதான் உனக்கே திருப்பிச் சொல்றேன். ... தையல் யூனிட்டுக்காரர் ஜாக்கெட்டை எல்லாம் அடுக்கி வச்சிட்டு உக்காந்திருக்கார். முதுகுல கழுகு போடணும். ... ஒரு றெக்கைதான் ஆகியிருக்கு. ரெண்டாவது றெக்கைக்குப் போனா கம்ப்யூட்டர் சூடாகி அணைஞ்சு போகுது. ... ஒத்தை றெக்கையோட யாரும் வாங்க மாட்டாங்கடா."

மூடிக்கு உள்ளே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்துவிட்டது, சிப்பின் சூடு மூடிக்கு ஏறவில்லை, அதுதான் நோய் என்று கண்டுபிடித்தது தம்பிக்காரன். அவனுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை, ஆனால் தூரத்தில். பக்கத்துக் கடைகளில் மூடியைத் திறக்கவே மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே வாய் அவனுடையது, கை வீட்டுக்காரருடையது, நடுவில் அக்காக்காரி.

"சரி, பசைக்கு வருவோம். ... பழசை எல்லாம் சுரண்டியாச்சு. ... பிளாஸ்டிக் அட்டையாலதான். ... புதுப் பேஸ்ட்டும் சிப்பு மேல தடவியாச்சு. இப்ப மூடியைத் திரும்ப ஒட்டணும், அவ்வளவுதான். மேஜை மேல என்னென்ன இருக்குன்னு சொல்றேன், எதுன்னு நீ சொல்லு. சின்ன டியூப்பு, தொட்டா ஒட்டிக்குமே, விரலோட விரல் கூட... அது. ... வேணாமா? ... ம். ... ம். விறைச்சுப் போகும், சூடாகி ஆறி சூடாகி ஆறி ஒருநாள் தெறிச்சுக்கும். சரி, ஓரமா வச்சுட்டேன். ... ரெண்டு டியூப்பைக் கலந்து பூசுவோமே, இரும்பு மாதிரி... அதுவுமா? ஒட்டினா பிரியவே பிரியாதுன்னு அட்டையில போட்டிருக்கே. ... பிரியாம இருந்தா நல்லதுதானேடா, எனக்கு அதான் வேணும். ... எத்தனை வருஷத்துல? ... ஓ. பேஸ்ட் மறுபடி காயும், மறுபடி திறக்கணும். ... அப்ப ஒட்டணும், ஒட்டினது கேட்டா விடணும், சூட்டுக்கு உருகக் கூடாது, குளிருக்கு விறைக்கக் கூடாது. ... உனக்கு வந்த பொண்ணு கூட இவ்வளவு நிபந்தனை போடலடா."

அந்தப் பக்கம் சிரிப்பு போலிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை.

"துணி ஒட்டற பசை, என்னுது. ... தெரியும், உருகும். வரிசையா சொல்லிக்கிட்டு வர்றேன், அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் எழுந்து வாசலில் நின்ற தன் வண்டிக்குப் போனார். திரும்பி வந்து இரண்டு பெரிய டியூப்களை மேஜையில் வைத்தார். வைத்த சத்தம் போனுக்குள் போயிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல, அவர் எதையோ கொண்டுவந்து வைக்கிறார். ... சிலிக்கான். ... நீயும் சிலிக்கான்தானே சொன்னே? ... கறுப்பு, கார் இஞ்சினுக்குப் போடறது. அதுக்கு நான் இப்ப எங்கே போவேன், கார் கடை இன்னிக்கு லீவு. கையில இருக்கறதைப் பேசு. ... கண்ணாடிக்காரர் பசை ஆகாதா? ஏன் ஆகாது? ... வாடையா? இரு, மோந்து பாக்கறேன்."

முதல் டியூப்பின் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அடிக்குது. வினிகர் வாடை. மீன்தொட்டி ஒட்டறது இது. ... காயறப்போ அந்தப் புளிப்பு மூடியில இருக்கிற செம்பை அரிக்குமா? சரி, அப்ப இது வேணாம். ... இரு, அதுக்குள்ள வெற்றி முழக்கம் போடாத. இன்னொண்ணு இருக்கு. முகம் பாக்கற கண்ணாடியைச் சுவத்துல ஒட்டறது. ... வாடையே இல்ல. ... ஏன்னா புளிப்பு இருந்தா கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற ரசத்தைத் தின்னுடும், அதனால அதுக்குன்னே தனியா வர்றது. ... அவர் எங்கே சொன்னார், கையால காட்டினார். ... சூடா? இரு, பின்னால போட்டிருக்கும், என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கறேன்... நூத்தைம்பது டிகிரி வரைக்கும். ... ஆகுமா ஆகாதா? ... ஆகும்னா ஆகும்னு ஒரே வார்த்தையில சொல்லு. எதுக்கு இழுக்கறே? ... அவருதுங்கறதாலயா?"

 அவன் போனுக்குள் ஏதோ முனகினான். அவள் அதை 'ஆகும்' என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆட்டியதுதான் தாமதம்.

"... என்ன? இல்ல, நீ சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ... எவ்வளவு போடணும்னா? போட்டுட்டாரே. ... இப்பதான். நீயும் நானும் பேசிக்கிட்டு இருக்கறப்போ. ... மூடி விளிம்பு சுத்தி. அழகா இருக்குடா, கேக்குக்கு க்ரீம் வச்ச மாதிரி ஒரே சீரா. ... தடிமனா? என் சுண்டு விரல்ல பாதி இருக்கும். ... ஏன் கத்தறே? ... இடைவெளியா? எந்த இடைவெளி? ... இல்ல. ஒரு ஊசி கூட நுழையாது. அவர் இடைவெளி விடற ஆளா? ... மெதுவா. மெதுவா சொல்லு. நான் ஓடியா போயிடப் போறேன்."

சொன்னான். அவள் கேட்டுக் கேட்டு, வீட்டுக்காரருக்கும் விழட்டும் என்று ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"நூல் மாதிரி இருக்கணும். ... தடிச்சா மூடி தூக்கிக்கிட்டு நிக்கும், சிப்பைத் தொடாது. ... ஒரு பேப்பர் கனம் தூக்கினாலே போதும், சூடு மேல ஏறாது. முன்னைவிட சீக்கிரம் அணையும், இல்லாட்டி சிப்பே கருகிடும். ... ஒரு பக்கத்துல கொஞ்சம் பூசாம விடணும், உள்ள சூடாகிற காத்து வெளிய போக. ... கம்பெனிக்காரனே அப்படித்தான் விட்டிருந்தானா? நாங்க சுரண்டறப்போ பாக்கலையே. ... சரி, துடைச்சிட்டுத் திரும்பப் போடணும். மேல ஆடை கட்டறதுக்குள்ள. ... சரி. சொல்றேன். ... ஏங்க, துடைக்கணுமாம். மெலிசா, ஒரு பக்கம் விட்டு."

வீட்டுக்காரர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். துடைக்கவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்காரன் கடை முகப்புக்கு ஒரு மீன்தொட்டி செய்து கொடுத்தார், அன்பளிப்பாக. மெலிசாக, கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒட்டியிருந்தார். ஒரு நாள் மத்தியானம் மூலை பிரிந்து, அவ்வளவு தண்ணீரும் தரையில் இறங்கி, பழுது பார்க்க வந்திருந்த மிஷின்களுக்குள் புகுந்தது. தம்பிக்காரன் வாடிக்கையாளர் நாலு பேரை வைத்துக்கொண்டு, ஒட்டத் தெரியாத ஆளை நம்பினேன் என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து வீட்டுக்காரர் எதை ஒட்டினாலும் இரண்டு பங்கு. குளியலறையில் சோப்பு வைக்கும் தட்டை இனி எடுக்க வேண்டுமென்றால் சுவரோடுதான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய், மெலிசாகப் பூசு, அதிலும் ஒரு ஓட்டை விடு என்றால்?

"கேக்க மாட்டேங்கறார்டா. ... பிடிவாதம் இல்ல, நம்ப மாட்டேங்கறார். நான் பூவும் கழுகும் போடறவ, பசையைப் பத்தி நான் சொன்னா யார் நம்புவாங்க? ... நீ சொல்லு. ... ஏன் பேச முடியாது? ... மன்னிப்பை யாரு கேட்டா? ஒருத்தரும் கேக்கல. நூல் மாதிரி பூசுங்க, ஒரு பக்கம் விடுங்கன்னு சொல்லு, அவ்வளவுதான். ... அவர் பேசமாட்டாரா? அவர் பேசவேணாம், கேட்டுக்கட்டும். ... ரெண்டு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நான்தான்டா வாய். உனக்குக் காய்ச்சல்னா அவர்கிட்ட நான் சொல்லணும். இப்ப எப்படி இருக்கானாம்னு அவர் சுவத்தைப் பாத்துக் கேப்பார், அதை உன்கிட்ட நான் சொல்லணும். ... ஆமா, கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். ... சொன்னேனே. அக்கறையில்லாம கேட்டார்னு நெனச்சே, அது உன் பாடு. ... என் வாயை ஒட்ட ஒரு பசை இருந்தா சொல்லு, முதல்ல அதை வாங்கறேன்."

பேசிக்கொண்டே எட்டி, வீட்டுக்காரர் கையிலிருந்த மூடியை வாங்கினாள். எம்பிராய்டரிக்கு அடியில் வைக்கிற துணியில் ஒரு துண்டை எடுத்து, சுண்டு விரல் பாதி கனத்துக்கு இருந்த அந்த அழகை நாலு பக்கமும் வழித்துப் போட்டாள். அவர் தடுக்கவில்லை. வேலை செய்து வைத்த சுவரை யாரோ இடிப்பதைப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"... துடைச்சாச்சு. நான்தான். ... சுத்தமா. ... அப்புறம்? கம்ப்யூட்டர்ல அதோட சாக்கெட்ல வச்சுப் பூட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது. சரி. ... எந்தப் பக்கம் விடறது? ... எந்தப் பக்கம் விட்டாலும் ஒண்ணுதானா? ... ம். சரி. அதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்."

எந்தப் பக்கம் என்று அவன் சொன்னதை மட்டும் அவள் உரக்கத் திருப்பிச் சொல்லவில்லை.

மூடியை வீட்டுக்காரரின் இடது கையில் வைத்தாள். சிலிக்கான் டியூப்பை வலது கையில் கொடுத்தாள். இரண்டு கையும் நிறைந்ததும் போனை அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகினாள். செருகுமுன் அதற்குள் ஒரு வார்த்தை:

"போனை வச்சுடாத. வச்சே, அந்தக் கழுகை நீதான் கையால தைக்கணும்."

வீட்டுக்காரர் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும், போன் கீழே விழும். அவர் நிமிர்த்தவில்லை. தலையைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தம்பிக்காரன் கடையில் ஏதோ ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம் மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. இருக்கிறான்.

அக்காக்காரி நாற்காலியில் உட்கார்ந்து வழித்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். டியூப்பின் மூக்கில் ஒரு சொட்டு திரண்டு, பெருத்து, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது. வீட்டுக்காரர் அதை விரலால் துடைக்க முடியாமல் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் துணியைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான்... இடைவெளி எந்தப் பக்கம் விடணும்?"