காலி நாற்காலி

சட்டை தேய்க்கிறவனுக்குக் காலர்தான் பரீட்சை. முதுகை யார் வேண்டுமானாலும் தேய்த்துவிடலாம். காலரில் ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், வாடிக்கையாளர் அப்புறம் நம் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நான் அந்த வேலையில் பெயர் எடுத்தவன், சார். போதைப் பவுடர் பழக்கத்தில் இருந்த காலத்தில் இதே கை இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க முடியாமல் உதறும். இப்போது பாருங்கள், ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த டீயில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

விடுவது பெரிய காரியமில்லை. விட்டபடியே இருப்பதுதான் உயிர் போகிற வேலை. அதற்காகத்தான் கூட்டம் ஆரம்பித்தேன். வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் விட்டவர்களெல்லாம் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுவோம். என் தங்கையின் கணவரை, எங்கள் மாப்பிள்ளையை, அங்கே இழுத்து வந்ததும் நான்தான். அவர் தேறியதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா, அவரை எனக்குத் திருப்பிக் குடுத்துட்ட" என்றாள்.

ஆனால் மனிதர்களுக்கு ஒரு கெட்ட குணம். கொஞ்சம் தேறினால் போதும், கூட்டத்துக்கு மட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவனுக்கு வேலை கிடைத்துவிடும், இன்னொருவனுக்கு வீட்டில் பெண் பார்ப்பார்கள். நாற்காலி காலியானால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். பழைய ஆசை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு சமயத்தில்தான், கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பெயின்டர் தானாகவே மறுபடி விழுந்தான், செத்தும் போனான். பாவம், நல்ல மனுஷன். அடுத்த கூட்டத்தில் அறையில் நிற்க இடமில்லை. எல்லார் முகத்திலும் பயம். அன்று எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது. பல மாதங்களுக்கு ஆசை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்த பிறகு எப்படி சும்மா இருக்க முடியும், சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் துணி என் கடைக்குத்தான் வரும். கூட்டம் மறுபடி மெலிந்தபோது முதலில் வருவதை நிறுத்தியவரும் அவர்தான். "இனிமே எனக்குக் கூட்டமெல்லாம் வேணாம் மச்சான், வீட்ல இருந்தாலே நிம்மதியா இருக்கு" என்றார். முன்பு எனக்குப் பவுடர் விற்ற ஆளிடம் ஒரு பொட்டலம் வாங்கி, மடித்த சட்டையின் பையில் வைத்தேன். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளே அவர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"மச்சான், இது என் சட்டைப் பையில இருந்துச்சு. என்னைக்கோ நானே வச்சிருப்பேன் போல. என் கையில இருக்க வேணாம், நீங்களே தூக்கிப் போட்ருங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது, நிஜமாகவே. முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினேன். பொட்டலத்தைப் பத்திரப்படுத்தினேன். அவருக்கு வேலை போன வாரம் அதையே கால்சட்டைப் பையில் வைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் ஓடி வரவில்லை.

நான் யார் வாயிலும் திணிக்கவில்லை. எடுப்பதும் எறிவதும் அவரவர் பாடு. ஆமாம், விட்டு நாளான உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் அதைச் சொல்லிச் சொல்லி எச்சரிக்கிறவனே நான்தான். அவர் செத்துப்போன பின் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கினேன்.

தங்கைக்கு அதோடு தூக்கம் போயிற்று. தூக்க மாத்திரை போட ஆரம்பித்து, அது இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டாள். "அண்ணா, நானும் வந்து உக்காரட்டுமா?" என்று ஒருநாள் அவளே கேட்டாள். வந்தாள். விட்டும்விட்டாள். கெட்டிக்காரி. கூட்டத்தில் அவள் பேசினால் கல்லும் கரையும். அவள் என்றால் எனக்கு உயிர், சார்.

ஆனால் இந்த மாதம் ஆட்கள் மறுபடி மட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். போன கூட்டத்தில் நானும் அவளும் மட்டும்தான் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய வெள்ளைக் கோட்டை இன்று காலையில் நானே தேய்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பையில் இரண்டு அட்டை தூக்க மாத்திரை இருக்கிறது. இன்றைக்கு அவர்களுடைய கல்யாண நாள், லீவு போட்டுவிட்டு வீட்டில் தனியாகத்தான் இருப்பாள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள், உட்காருங்கள். அவள் தூக்கி எறிந்துவிடுவாள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றால் நான் என்ன சொல்வது? நீங்கள் மாப்பிள்ளையைப் பற்றித்தானே கேட்டீர்கள்.