சீல் உடையாத பெட்டி

தோள்பட்டை இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பகல் முழுக்க மூட்டை சுமந்தது போதாதென்று, தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வரவேண்டிய இன்னொரு கண்டெய்னருக்காகச் சாக்குகளின்மேல் காத்துக் கிடந்தோம். கரண்ட் இல்லை. ஷாஜன்தான் பேய்க்கதையை ஆரம்பித்தான். அவன் மச்சினன் பிரதீஷ் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்.

"பயப்படுதவன் இப்பமே வீட்டுக்குப் போயிருங்கலே."

"ஏலே, உனக்கே தொடை ஆடுது. சொல்லு," என்றார் ராஜையன்.

விடிகாலை மூன்று மணி... ஆரல்வாய்மொழிக் கணவாய். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. துறைமுகத்தில் கரி, உரம், மரத்தடி எல்லாம் இறங்குகிறது. பிரதீஷ் ஏற்றி வந்தது ஆப்பிரிக்காவின் பச்சை முந்திரி, மேற்கே ஓர் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு. பக்கத்து இருக்கையில் அந்த ஆபீசின் சூப்பர்வைசர் சிவபிரசாத்.

கப்பல் சரக்கில் பூச்சி சாக மருந்துப் புகை போட்டிருப்பார்கள். பெட்டியைத் திறந்து அரை நாள் காற்றாட விட்ட பிறகுதான் ஆள் ஏறலாம். ஒரு மாதத்துக்கு முன், காலிப் பெட்டியை அன்றைக்கே துறைமுகத்துக்குத் திருப்ப வேண்டுமென்று முதலாளி போனில் சொன்னார்: "இப்பமே ஏறச் சொல்லு." சிவபிரசாத் அங்கே மூட்டை இறக்கும் ரசலையனை ஏற்றினான். எந்தப் பெட்டியானாலும், எலி பாம்பு கிடந்தால் ஓடட்டுமென்று ரசலையன் மூட்டைக் கொக்கியால் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அன்றும் தட்டினார். ஏறினார். இறங்கவில்லை. நெஞ்சுவலி என்று புதைத்தார்கள். கதவில் ஒட்டியிருந்த மண்டையோட்டு எச்சரிக்கைத் தாளைக் கிழித்து வறுக்கும் அடுப்பில் போட்டவன் சிவபிரசாத்.

கணவாயில்... டங்... டங்.

"சாரே, என்னவாக்கும் சத்தம்?"

"மூட்டை சரியுது. நீ ஓட்டுலே."

டங்... டங். பூட்டிச் சீல் வைத்த பெட்டிக்குள்ளிருந்து. பின்னாலேயே ஒரு நாற்றம். அழுகிய பூண்டு நாற்றம்... அந்த மருந்து.

எஞ்சின் இருமி நின்றது. அந்தக் கணவாயில் காற்று ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன... லாரியைச் சுற்றி மட்டும் ஒரு புல் அசையவில்லை.

"சீலு கெடக்கான்னு பாத்துட்டு வாறேன்." டார்ச்சோடு இறங்கினான் சிவபிரசாத். செருப்புச் சத்தம் பின்னால் போனது... நின்றது.

அப்புறம் அவன் குரல். பெட்டிக்குள்ளிருந்து.

"பிரதீசே... தொறலே... மூச்சு..."

பிரதீஷ் ஓடினான். டார்ச் தரையில் எரிந்துகொண்டு கிடந்தது. சீல் உடையவில்லை. அதை அறுத்துக் கதவைத் திறப்பதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. மூட்டைகளின்மேல் வாய் பிளந்து சிவபிரசாத். விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்தது. மூடிய கைக்குள் ஒரு தாள். மண்டையோட்டுத் தாள்... ஓரம் கருகியிருந்தது.

ஷாஜன் நிறுத்தினான்.

"அந்த முதலாளி?" ராஜையன் கேட்டார்.

"இருக்காரு அண்ணே. வீட்டுல ஒரு சன்னலையும் அடைக்க விடமாட்டாராம். மழையானாலும் தெறந்துதான் கெடக்கும். ஆனா விடியப்போற நேரத்துல கட்டிலுக்கு அடியில டங் டங்னு கேக்குதாம்."

"கேக்கும்லே. ரசலையனுக்கு அவரு ஒரு உயிரு தரணும். இன்னும் தரல்ல."