ஆஸ்திரேலிய வாடை

கிள்ளானில் பதினெட்டு வருஷமாக ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர். விலை குறைந்தால் நம் ஜனங்கள் முகர்ந்து பார்ப்பார்கள். விலை ஏறினால் முகர்வதற்கே கூச்சப்படுவார்கள்.

அந்த வாரம் என் பிரீசர் இரண்டு நாள் செத்துக் கிடந்தது. உள்ளே நாற்பது கிலோ இறக்குமதி செம்மறிக் கறி. எல்லாம் உருகி, விரலில் வழவழத்தது. பிரீசரைச் சரி செய்து மறுபடி உறைய வைத்தேன். கிலோ இருபத்தெட்டு வெள்ளி என்று எழுதினேன். வந்தவர்கள் முகர்ந்தார்கள், போய்விட்டார்கள்.

மறுநாள் அறுபத்தெட்டு என்று மாற்றி, பக்கத்தில் ஆஸ்திரேலியக் கொடி ஒட்டினேன்.

காப்பாரிலிருந்து தனலெட்சுமி அக்கா வந்தார். பேரன் பிரவினுக்கு ஏழாவது பிறந்தநாள். வீட்டு வாசலில் பார்பிக்யூ போடுகிறார்களாம். குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

“என்ன லோகன், வாடை அடிக்குது?”

“ஆஸ்திரேலியா செம்மறி அப்படித்தான்கா. நம்ம லோக்கல் ஆட்டுல இது வராது லா.”

“அதான் இந்த விலையா? நான் வாங்குற கறியெல்லாம் ரப்பர்னு மருமகனுக்குக் கிண்டல். இன்னைக்கு அவர் வாயை அடைக்கிறேன், மூணு கிலோ போடு.”

செம்மறிக்கு வாடை உண்டு என்பது ஊருக்கே தெரியும். நான் பொய் சொல்லவில்லை.

பையை வாங்கும்போது அவரே கேட்டார்: “முதல்ல குக்கர்ல எத்தனை விசில் விடணும்?”

நம் பெண்கள் ஐந்து விசில் விட்டால் கறியில் எதுவும் உயிரோடு இருக்காது. ஆனால் உருகி உறைந்த அந்தக் கறி குக்கரில் கந்தலாகிவிடும், மருமகன் சிரிப்பார், என் கடைப் பெயர் கெடும்.

“குக்கர்ல போட்டுக் கெடுத்துடாதீங்கக்கா. சும்மா நெருப்புல காட்டி எடுங்க. நடுவுல சிவப்பா இருந்தாத்தான் ஒரிஜினல்.”

பெரியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார்கள். பிரவின் திரும்பவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் சரியா வேக வைக்கலியா, லோகன்?” என்று கேட்டார்.

“நடந்தது நடந்துடுச்சு, அதையே நினைக்காதீங்கக்கா” என்றேன். அவரை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டில் அந்தக் கறியைச் சமைத்தோமா என்று கேட்டீர்கள். என் மகள் மாதவிக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர். தினமும் கடையிலிருந்துதான் போகும். அந்த வாரம் மட்டும் மீன் வாங்கிப் போனேன். மீன் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.